மார்த்தாண்டத்துல பழைய கடைக் கட்டடம், ஆஸ்பெட்டாஸ் ஷீட்டை எப்படிக் கழத்துறது?

குழித்துறைக்காரன்:
அப்பா 1984ல கட்டுன கட்டடம், கீழ மூணு கடை வாடகைக்கு, மாடி புல்லா ஆஸ்பெட்டாஸ் ஷீட்டு. நம்ம ஊருதான் தெரியுமே, ஆனி ஆடியில ஒரு மழை ஐப்பசி கார்த்திகையில ஒரு மழை, நாப்பது வருஷமா நனைஞ்சு பாசி பிடிச்சு ஓரமெல்லாம் பொரிஞ்சு கெடக்கு. மாடியில தையக்கடை வச்சிருக்க அக்கா, துணி மேல வெள்ளையா பொடி விழுதுன்னு போன வாரம் சொன்னாவ. காண்ட்ராக்டர்ட்ட கேட்டா, ரெண்டு பயலுவ சுத்தியல் வச்சு ஒரே நாள்ல அடிச்சு எறக்கிருவானுவ, உடைஞ்சதை பின்னால பள்ளத்துல போட்டு மண்ணு மூடிரலாம்னு சொல்லுதாரு. கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. ஓனருன்னு பாத்தா சட்டப்படி எனக்கு என்ன பொறுப்பு?

சைட்டு சூப்பர்வைசர், தக்கலை:
அண்ணே, சுத்தியலை மட்டும் தொட விடாதீங்க. இந்த ஷீட்டுல கிட்டத்தட்ட 10 சதம்தான் ஆஸ்பெட்டாஸ் நாரு, அதைத்தான் கல்நாருன்னும் சொல்லுவாவ, மீதி சிமெண்டு, அசையாம கெடக்க வரைக்கும் பெருசா ஒண்ணும் கெளம்பாது. உடைச்சா, அறுத்தா, டிரில் போட்டா, பாசியை பிரஷ் வச்சு தேய்ச்சா அப்பதான் நாரு காத்துல பறக்கும். நல்லா தண்ணி தெளிச்சு நனைச்சுக்கிட்டு ஷீட்டை சட்டத்தோட பிடிச்சிருக்க கொக்கி மாதிரி ஜே போல்டை கழத்தி முழு ஷீட்டா கீழ எறக்கணும், மேல இருந்து எறியக் கூடாது. போல்டு துருப்பிடிச்சிருந்தா போல்டை வெட்டுங்க, ஷீட்டை இல்ல. துணி மாஸ்க்கு, துண்டு எல்லாம் பத்தாது, நுண்ணிய தூசியையும் தடுக்குற எஃப்எஃப்பி3 மாஸ்க் வாங்கிக் குடுங்க. கீழ விழுந்த பொடியை தொறப்ப வச்சு கூட்டாதீங்க, ஈரத்துணியால ஒத்தி எடுத்து அந்தத் துணியையும் கட்டிப் போடணும். பழைய ஷீட்டு மேல காலே வைக்கக் கூடாது, அப்படியே உள்ள போயிரும், பலகை போட்டு நிக்கணும். நாரு நுரையீரலுக்குள்ள போயி நோயா வர இருபது முப்பது வருஷம் ஆகும், ஆளு மேல இருந்து விழுந்தா அன்னைக்கே உசுரு போவும்.

லெஸ்டர்ல இருக்க கருங்கல்காரன்:
நான் இங்க இங்கிலாந்துல பில்டிங் மெயின்டெனன்ஸ்ல வேலை பாக்கேன். இந்த நாட்டுல 1999லயே எல்லா வகை கல்நாரையும் தடை பண்ணிட்டாவ, ஆனா 2000க்கு முன்னால கட்டுன கட்டடத்துல இன்னும் இருக்கும். அதுக்குத்தான் 2012 விதியில, கடை, ஆபீஸ் மாதிரி கட்டடத்தை பராமரிக்கவரு எங்க நாரு இருக்கு, எந்த நெலமையில இருக்குன்னு பாத்து எழுதி வச்சு, வேலைக்கு வாறவன்ட்ட முன்னாடியே காட்டணும்னு இருக்கு. எலக்ட்ரீசியன் ஒரு ஓட்டை போட வந்தாலும் மொதல்ல அந்த ரெஜிஸ்டரைத்தான் கேப்பான். ஊர்ல யாரும் கேக்கமாட்டாவ, ஆனா ஒரு நோட்டு போட என்ன செலவு? கண்ணால பாத்து நாரு இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது, லேப்லதான் தெரியும். 84ல போட்டதுன்னா இருக்குன்னே வச்சுக்கிடுங்க.

நாகர்கோவில் வக்கீல்:
இந்தியாவுல வெள்ளைக் கல்நார் ஷீட்டுக்கு இன்னும் தடை கிடையாது, இங்கிலாந்து மாதிரி கட்டட ஓனரு ரெஜிஸ்டர் வைக்கணும்னு சட்டமும் இல்ல. அதுனால பொறுப்பே இல்லன்னு நெனச்சுராதீங்க. 1995ல சுப்ரீம் கோர்ட்டு, கல்நார் தொழில்ல வேலை பாக்கவங்களோட உடல்நல ரெக்கார்டை, வேலைக்கு சேந்ததுல இருந்து 40 வருஷம், இல்லன்னா வேலையை விட்டு 15 வருஷம், எது பிந்துதோ அதுவரைக்கும் வைக்கணும்னு சொல்லிச்சு. அது ஃபாக்டரிக்குத்தான், ஆனா நோய் எவ்வளவு லேட்டா வரும்னு அதுலயே புரியும். கல்நார் தூசியால வாற நுரையீரல் நோய் 1923ம் வருஷ தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல தொழில் நோய் பட்டியல்ல இருந்துச்சு, 2025ல அதுக்குப் பதிலா அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்துலயும் இருக்கு. பள்ளத்துல போட்டு மூடுறது வேண்டவே வேண்டாம். முழு ஷீட்டையும் கனமான பாலித்தீன்ல சுத்தி, ஆஸ்பெட்டாஸ்னு எழுதி ஒட்டி, எங்க குடுக்கன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துல கேளுங்க, பதிலையும் ஃபைல்ல வைங்க. காண்ட்ராக்டர்ட்ட உடைக்கக் கூடாதுன்னு அக்ரிமெண்டுலயே எழுதி வாங்குங்க.

குழித்துறைக்காரன்:
ரொம்ப நன்றி. தையக்கடை அக்காட்ட எல்லாம் சொல்லிட்டேன், வேலை முடியுற வரைக்கும் கீழ காலியா இருக்க ரூமுக்கு மெஷினை மாத்துதோம், வாடகை வேண்டாம்னுட்டேன். அந்த ரெண்டு பயலுவளுக்கும் இருபது வயசுகூட இருக்காது, வேற ஆளைத்தான் பாக்கணும். தக்கலை அண்ணே, ஜே போல்டு கழத்தி எறக்குற டீம் தெரிஞ்சா இங்க சொல்லுங்க, ஆனி மழைக்கு முன்னால முடிக்கணும்.