மகளுக்கு ஆப்பிரிக்கான்ஸா, சோசாவா?

மீனாட்சி (கேப் டவுன், தென்னாப்பிரிக்கா): மகள் ஜனவரியில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். முதன்மை மொழி ஆங்கிலம். முதல் கூடுதல் மொழியாக, டச்சு மொழியிலிருந்து வளர்ந்த ஆப்பிரிக்கான்ஸ் அல்லது இங்குள்ள ஆப்பிரிக்க மொழிகளில் ஒன்றான சோசா எடுக்க வேண்டும். அவள் சோசாதான் வேண்டும் என்கிறாள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இளங்கோ: ஆப்பிரிக்கான்ஸ் எடுக்கச் சொல்லுங்கள், அம்மா. அது ஆங்கிலத்துக்கு உறவு மொழி. பல சொற்கள் கேட்டவுடன் பிடிபடும். சோசாவில் பெயர்ச்சொல் வகைகளே (நம் திணை, பால் போல) சுமார் 15. வகைக்கு வகை வினையின் முன்னொட்டு மாறும். பன்னிரண்டாம் வகுப்பில் மொழி, இலக்கியம், கட்டுரை என மூன்று தாள்கள், கூடவே வாய்மொழித் தேர்வு. வீட்டில் சோசா பேசும் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருந்தால் பாடம் அவர்கள் வேகத்தில்தான் நகரும். என் மகன் இரண்டு ஆண்டுகள் தவித்தான், கடைசியில் மாற்றிவிட்டோம். பல்கலைக்கழகச் சேர்க்கையில் இந்த மதிப்பெண்ணும் எண்ணப்படும்.

கயல்: நான் இதே ஊரில் மருத்துவர். கிழக்கு கேப் மாகாணத்திலிருந்து வந்த ஒரு பாட்டி அடிவயிற்றைப் பிடித்தபடி சோசாவில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற காவலாளியை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னோம். அவர் முன்னால் வாய் திறக்கக் கூசி அந்தப் பாட்டி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். 'குபுஹ்லுங்கு பீ?' (எங்கே வலிக்கிறது?) என்று கேட்க அன்றிரவுதான் கற்றேன். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 80 லட்சம் பேரின் தாய்மொழி இது. பள்ளியிலேயே படிக்க வாய்க்கிறதே, விடாதீர்கள்.

தமிழ்ச்செல்வன்: சோசாவில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகளை எண்ணிப் பயப்படுகிறார்கள். நாம் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுகிறோமே, அதுதான் ஒன்று. வண்டிமாட்டை ஓட்டக் கடைவாயோரம் எழுப்பும் ஒலி இன்னொன்று. 'சோசா' என்ற பெயரே அதில்தான் தொடங்குகிறது. மூன்றாவது, புட்டி மூடியைப் பிடுங்கும் சத்தம். 'ந்தியாகுபோனா' என்றால் 'நான் உன்னைப் பார்க்கிறேன்'. எல்லாம் ஒரே சொல்லில்! ஒட்டு மேல் ஒட்டாகச் சொல்லை வளர்ப்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா? 1976இல் வெள்ளையர் அரசு திணித்த ஆப்பிரிக்கான்ஸ் வழிக் கல்வியை எதிர்த்து, ஜோகன்னஸ்பர்க் அருகே சொவேட்டோவின் கறுப்பின மாணவர்கள் உயிர் கொடுத்ததையும் நினைத்துப் பாருங்கள்.

இளங்கோ: அன்று எதிர்த்தது திணிப்பை, ஐயா. கேப் டவுன் இருக்கும் மேற்கு கேப் மாகாணத்தில் மிகுதியாகப் பேசப்படும் மொழி இன்றும் ஆப்பிரிக்கான்ஸ்தான். பேசுவோரில் பெரும்பாலோர் வெள்ளையரும் அல்லர். டாக்டர் சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் அவர் தேவைக்குக் கற்றார். யாரும் தாள் திருத்தவில்லை. இந்தக் குழந்தை கவிதைக்குப் பொருள் எழுத வேண்டும். பள்ளியில் இருந்தால் சோசாவை இரண்டாம் கூடுதல் மொழியாக எடுக்கட்டும், சுமை குறையும்.

கயல்: அப்படி எடுத்தால் முதல் கூடுதல் மொழியாக ஆப்பிரிக்கான்ஸும் படித்தாக வேண்டுமே, அண்ணா? அது எப்படிச் சுமை குறைப்பதாகும்?

மீனாட்சி: நேற்றிரவு சப்பாத்தி தேய்த்துக்கொண்டே உச்சுக் கொட்டிப் பழகினாள். தம்பிக்கும் தொற்றிவிட்டது. சோசாவே எழுதிக் கொடுக்கிறேன். இளங்கோ ஐயா, உங்கள் மகன் எந்த இடத்தில் தடுமாறினான் என்று சொல்லுங்கள். அங்கே முதலிலேயே துணை ஆசிரியர் வைத்துவிடுகிறேன்.

இளங்கோ: இலக்கியத் தாளில். எட்டாம் வகுப்பிலேயே வாசிக்கத் தொடங்கச் சொல்லுங்கள், அம்மா.