வீட்டுப் பெண்கள் குழுவில் வந்த ரிப்போர்ட்

விஜி சித்தி: மலர், டியூட்டியில் இருக்கிறாயா? லேபிலிருந்து ரிப்போர்ட் வந்திருக்கிறது. எச்.பி.வி. 16 பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல் என்று போட்டிருக்கிறார்கள். ஒன்றும் ஓடவில்லை.

பெரியம்மா: ஐயோ விஜி, புற்றுநோயா?

மலர்: இல்லை பெரியம்மா. எச்.பி.வி. என்கிற வைரஸ் கர்ப்பப்பை வாயில் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பாப் ஸ்மியர் என்பது அங்கிருந்து செல்லை எடுத்துப் பார்க்கிற பரிசோதனை, அது நார்மல். எச்.பி.வி.யில் 200 வகைக்கு மேல் உண்டு. சிலது வெறும் மருவோடு போய்விடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு, 16, 18 என்ற இரண்டு வகையால் வருகிறது. அதனால்தான் 16 என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள்.

மலர்: பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கினால்தான் தொல்லை. அப்போதும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் எடுக்கும்.

சுதா அக்கா: ஒரு வைரஸ் எப்படிப் புற்றுநோயை உண்டாக்கும்?

மலர்: செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைக்கிற பி53, ஆர்பி என்று இரண்டு புரதங்கள் நம்மிடம் உண்டு. இந்த வைரஸ் தயாரிக்கிற இ6, இ7 என்ற இரண்டு புரதங்களும் அவற்றை முடக்கிவிடும். இதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

விஜி சித்தி: அதெல்லாம் இருக்கட்டும். உடலுறவில் பரவும் என்று கூகுளில் இருக்கிறதே. உன் சித்தப்பாவிடம் நான் என்ன கேட்பது?

மலர்: ஒன்றும் கேட்காதீர்கள் சித்தி. இது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். போன வருடம் வந்ததா, கல்யாணமான புதிதில் வந்ததா, எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. அந்தரங்க இடத்துத் தோல் உரசினாலே தொற்றும், ஆணுறைகூட முழுசாகத் தடுக்காது. தாம்பத்தியம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்து போயிருக்கும், அவர்களுக்கே தெரியாது. இந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஓ.பி. வாசலிலேயே சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது யாருக்கும் நடத்தைச் சான்றிதழ் இல்லை.

விஜி சித்தி: ம்ம். ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா: எதற்கு வம்பு? கர்ப்பப்பையை எடுத்துவிடு விஜி. இரண்டு பிள்ளை பெற்றாயிற்று. எங்கள் தெருவில் மூன்று பேர் எடுத்துவிட்டார்கள்.

மலர்: பெரியம்மா! தொற்றுக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையே இல்லை. அப்படிச் சொல்கிற டாக்டர் இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

மலர்: 16 என்பதால், பாப் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோபி செய்யச் சொல்வார்கள், அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுவார்கள். நம் வினிகர்தான், லேசாக எரியும். மாறின செல் இருந்தால் ஓரிரு நிமிடத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் என்றால் துளி சதை எடுத்து அனுப்புவார்கள். முன்நிலை மாற்றம் என்று வந்தாலும் அந்த இடத்தை மட்டும் சுட்டோ உறையவைத்தோ எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீடு.

சுதா அக்கா: என் பெண்ணுக்கு 13. இந்த வைரஸுக்கான தடுப்பூசி போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று அபார்ட்மென்ட் குழுவில் ஃபார்வர்டு வந்தது.

மலர்: அதை டெலீட் பண்ணுங்கள் அக்கா. ஊசியில் இருப்பது வைரஸின் மேல்கூடு மட்டும், உள்ளே ஒன்றும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2007இலேயே பள்ளிப் பெண்களுக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள், பிள்ளையும் பெற்றிருக்கிறார்கள். 9 முதல் 14 வயதுக்குள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் என்பது வழக்கம். ஆனால் இந்த வயதில் ஒன்றுகூடப் போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நம் புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் என்ற ஊசியும் கிடைக்கிறது. பையன்களுக்கும் போடலாம், தொண்டைப் புற்றுநோயிலும் இதற்குப் பங்கு உண்டு.

விஜி சித்தி: நான் போட்டால் இது போய்விடுமா?

மலர்: போகாது. வராமல் தடுக்கத்தான் ஊசி. வந்ததைக் கண்காணிக்கத்தான் வேண்டும். தடுப்பூசி போட்டவர்களும் முப்பதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெரியம்மா, நீங்கள் ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

பெரியம்மா: எனக்கு எதற்கு? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்.

மலர்: சித்தியும் நன்றாகத்தான் இருந்தார்.

விஜி சித்தி: வியாழக்கிழமை பத்து மணிக்கு டோக்கன் வாங்கியிருக்கிறேன். வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

மலர்: வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள். மாதவிலக்கு நாளாக மட்டும் இருக்கக்கூடாது. சதை எடுத்தால் கொஞ்சம் ரத்தக்கசிவு இருக்கும், பையில் ஒரு நாப்கின் வையுங்கள்.

பெரியம்மா: நானும் துணைக்கு வருகிறேன். எனக்கும் ஒரு டோக்கன் போடு விஜி.