முதுமாணி மாணவர்களை உள்ளூராட்சி சபைகளில் பயிற்சிக்கு அமர்த்துதல்: யாழ்ப்பாண அனுபவங்கள்

இணைப்பாளர், திருநெல்வேலி

பொது நிர்வாகமும் முகாமைத்துவமும் பயிலும் முதுமாணி மாணவர்களை உள்ளூராட்சி சபைகளில் முகாமைத்துவப் பயிற்சிக்கு அமர்த்தும் வேலையில் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என 17 சபைகள் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. மாணவர் வந்து சேரும் நாளில் அவருக்கென்று ஒரு வேலையை எடுத்து வைத்திருக்கும் சபையைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமமாக இருக்கிறது.

அமெரிக்காவில், 1914ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நகர, மாவட்ட முகாமையாளர்களின் சர்வதேசச் சங்கம் இத்தகைய பெலோஷிப் ஒன்றை நடத்துகிறது. முதுமாணிப் பட்டம் முடித்தவர்களை ஊதியத்துடன் நகர நிர்வாகத்தில் அமர்த்தி, முகாமையாளர் பதவிக்கான பாதையில் நடக்கவிடுவது அதன் நோக்கம். எமது முதல் விண்ணப்பத்தை அதை முன்மாதிரியாகக் காட்டித்தான் எழுதினோம். ஆனால் அங்கே பல நகரங்களில், தெரிவுசெய்யப்பட்ட சபையே தனது முகாமையாளரைத் தேடி வேலைக்கு எடுக்கிறது. பயிற்சியில் நன்றாகச் செய்தவரை இன்னொரு நகரம் கூப்பிட்டுக்கொள்ளலாம். இங்கே சபையின் நிர்வாகத்தை நடத்தும் உத்தியோகத்தரான செயலாளரைச் சபை தெரிவுசெய்வதில்லை. நியமனமும் இடமாற்றமும் மேலிருந்து வருகின்றன. பயிற்சிச் சான்றிதழைக் காட்டி எவரும் செயலாளராகிவிட முடியாது. இதை மாணவருக்கும், குறிப்பாக அவருடைய பெற்றோருக்கும், முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. "கந்தோரில் இருத்தியாயிற்று, இனி நிரந்தரமாக்கிவிடுவார்கள்" என்று வீட்டில் நம்பத் தொடங்கிவிட்டால், பயிற்சி முடியும் நாள் ஒரு வேலைநீக்கம் போல ஆகிவிடுகிறது.

பயிற்சி பெற்றவர்களும், பயிற்சி கொடுத்தவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதுமாறு வேண்டுகிறேன். குறை சொல்ல நேர்ந்தால் சபையின் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற செயலாளர், வலிகாமம்

இணைப்பாளர் அவர்களுக்கு வணக்கம். நான் மேசைக்கு மறுபக்கத்தில் இருந்தவன். ஆகவே அந்தப் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கடிதம் பெரும்பாலும் "தேவையான பயிற்சியை வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் முடியும். செயலாளர் அதைப் பிரதம லிகிதருக்குக் குறித்து அனுப்புவார். பிரதம லிகிதர் எந்தக் கிளையில் ஆள் குறைவோ அங்கே ஒரு கதிரை போட்டுப் பிள்ளையை இருத்துவார். அன்று முதல் அந்தப் பிள்ளை கோவைகளுக்கு இலக்கமிடும், பிரதி எடுக்கும், பொதுமக்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும். இதில் எவரையும் கோபித்துப் பயனில்லை, ஏனென்றால் இன்ன வேலையைச் செய்விக்க வேண்டும் என்று எவரும் கேட்டிருக்கவில்லை. மாறாக, "சந்தைக் குத்தகை வருமானம் ஏன் ஏறி இறங்குகிறது என்று பார்த்து, நிதிக் குழுவுக்கு ஓர் அறிக்கை தருவதற்கு இவரை அனுப்புகிறோம்" என்று கடிதம் வந்தால், எந்தக் கோவையை எடுத்துக் கொடுப்பது, எந்த உத்தியோகத்தருடன் விடுவது என்பதெல்லாம் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது காலம். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வரும் ஆண்டின் பாதீடு அதற்குள் சபையில் நிறைவேற வேண்டும். பல்கலைக்கழகமோ தன் பரீட்சைகளின் வசதிக்கு ஏற்ப மாணவரை அனுப்புகிறது. ஜனவரியில் வந்தவர், ஏற்கனவே நிறைவேறிவிட்ட ஒரு பாதீட்டின் அச்சுப் பிரதியைத்தான் காண்பார். வருமான மதிப்பீட்டில் தொடங்கும் இழுபறியையும், ஒவ்வொரு உறுப்பினரும் தன் வட்டாரத்து ஒழுங்கைக்குக் கல் பறிக்கக் கேட்பதையும், கடைசியில் எது வெட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டுமென்றால், அவர் ஓகஸ்ட் மாதமளவில் வந்து ஆண்டு முடியும்வரை இருக்க வேண்டும். முகாமைத்துவம் என்று சொல்லப்படுவதில் பாதி அந்த மாதங்களுக்குள்தான் நடக்கிறது.

பேருந்துக் காசாவது கொடுக்கக்கூடாதா என்று விரிவுரையாளர்கள் கேட்பதுண்டு. பாதீட்டில் ஏற்பாடு இல்லாமல் ஒரு கொடுப்பனவைச் செய்தால் கணக்காய்வில் ஐயவினா வரும். அதற்குப் பதில் எழுத வேண்டியவர் செயலாளர். அதையும் முந்திய ஆண்டின் பாதீட்டு வேலை நடக்கும்போதே கேட்டுவிடுங்கள். சிறு தொகைதானே, எந்தச் சபையும் மறுக்காது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஆங்கில மொழிமூலம் கற்று வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கோவைக் குறிப்பு எழுத வருவதில்லை. எமது அலுவலகம் தமிழில் நடக்கிறது. அழகான வரைபடங்களுடன் ஆங்கிலத்தில் தயாரித்த அறிக்கை, சபைக் கூட்டத்துக்குப் போகாமல் அலுமாரிக்குள் போய்விடும். அனுப்பு முன் சில வாரங்கள் அலுவலகத் தமிழில் பழக்கிவிடுங்கள்.

மற்றப்படி, கல்லுண்டாயில் கொட்டப்படும் குப்பையைப் பற்றி ஆய்வேடு எழுத எல்லோருக்கும் ஆசை. துப்புரவுப் பணியாளர்களின் வரவு இடாப்பைப் பார்க்கலாமா என்று கேட்ட மாணவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

முன்னாள் பயிற்சி மாணவி

செயலாளர் ஐயா சொன்னதுபோல, என்னை ஒரு குறிப்பிட்ட வேலைக்குத்தான் அனுப்பினார்கள் என்பது என் அதிர்ஷ்டம். வலிகாமத்துப் பிரதேச சபையொன்றில், ஒரு வட்டாரத்தின் சோலைவரி (வீடு, காணிகளுக்கான ஆதன வரி) நிலுவை ஏன் சேர்ந்துகொண்டே போகிறது என்று கண்டறிவதே அந்த வேலை. வரி கட்ட மனமில்லை, அல்லது வசதியில்லை. காரணம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று வகுப்பறையில் கற்றதை வைத்து எதிர்பார்த்துப் போனேன்.

வருமானப் பரிசோதகருடன் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தபோது வேறொன்று தெரியவந்தது. இடாப்பில் இருக்கும் பெயர் பல வீடுகளில் இறந்துபோன பேரனாருடையது. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள்; வீட்டில் இருப்பவர் ஒரு சகோதரி முறையானவர், அல்லது பார்த்துக்கொள்ள விடப்பட்ட அயலவர். பூட்டிய வீடுகளில் படலைக்குள் செருகிய அறிவித்தல்கள் மழையில் நனைந்து கிடந்தன. வீட்டில் இருப்பவர் வரியைக் கட்ட ஆயத்தமாக இருந்தாலும், "நீ கட்டினால் பற்றுச்சீட்டைக் காட்டிக் காணிக்கு உரிமை கேட்பாய்" என்று வெளிநாட்டிலிருப்பவர் தடுக்கிறார். வெளிநாட்டிலிருப்பவர் கட்ட நினைத்தாலோ, அறிவித்தல் அவருடைய கைக்குப் போவதில்லை. சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒரு காணி உறுதி ஆகாது என்பதை எத்தனை பேருக்கு விளக்கினாலும், பழைய பற்றுச்சீட்டுகளை உறுதியுடன் சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் ஊரில் அந்த அச்சம் இலேசில் போகாது.

ஆகவே நான் கொடுத்த அறிக்கையில் வட்டி, தண்டம் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் "பணம் செலுத்துபவர்", "அறிவித்தல் அனுப்ப வேண்டிய முகவரி" என்று தனி நிரல்கள் சேர்க்க வேண்டும். செலுத்துபவரின் பெயரில் பற்றுச்சீட்டு எழுதப்பட்டாலும் அதனால் அவருக்குக் காணியில் உரிமை எதுவும் உண்டாகாது என்று அதிலேயே ஒரு வரி அச்சிட வேண்டும் என்று எழுதினேன். நிதிக் குழு ஏற்றுக்கொண்டது. பணம் வாங்கும் சிறாப்பரின் மேசையில் இப்போது அந்த வரியுள்ள பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது. ஆய்வேட்டுக்குக் கிடைத்த புள்ளியைவிட எனக்கு அதில்தான் மகிழ்ச்சி.

விரிவுரையாளர், தீவகம்

தீவுப் பக்கத்துச் சபைகளுக்கு மாணவரை அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெடுந்தீவுக்குப் போகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான்வரை பேருந்திலும், அங்கிருந்து படகிலும் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நாளாந்தம் போய் வரலாம் என்று திட்டமிட்ட மாணவர் கரைக்கும் படகுக்குமே தம் நேரத்தைக் கொடுத்துவிடுகிறார். தங்குமிடம் உறுதியான பின்னரே, பெண் பிள்ளையாயின் வீட்டாருடனும் பேசிய பின்னரே, பெயரைக் குறிக்கிறோம். இத்தனைக்கும் நடுவில், ஒரே உத்தியோகத்தர் மூன்று பேரின் வேலையைச் செய்யும் சிறிய சபையில்தான் மாணவர் எல்லாவற்றையும் பார்க்கிறார்.

உறுப்பினர், இலண்டன்

நான் சாவகச்சேரியைச் சேர்ந்தவன். இங்கே ஒரு உள்ளூராட்சி மன்றத்தில் வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் பட்டதாரிகளுக்கென நடத்தப்படும் தேசியப் பயிற்சித் திட்டத்தில் வந்தவர்கள் எமது பிரிவுக்கும் வந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களைப் பல பிரிவுகளுக்கு மாற்றி அமர்த்துவார்கள். முழு ஊதியமும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்து ஆறு மாதப் பயிற்சியில் பிரிவு பிரிவாக மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஒரே வேலையை முடித்துவிட்டு வருவதே மேல்.

பிரதேச சபை உறுப்பினர், வடமராட்சி

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தலின் பின் நாங்கள் வந்து அமரும்வரை செயலாளர்களே சபையை நடத்தினார்கள். பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த என்னைப் போன்ற பலர் அதற்கு முன் ஒரு மாதாந்தக் கணக்கறிக்கையைக் கையால் தொட்டதில்லை. எமது சபையில் அப்போது பயிற்சியில் இருந்த தம்பி, ஒவ்வொரு வருமானத் தலைப்பும் எங்கிருந்து வருகிறது, முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் எப்படிச் சபைக்குச் சேர்கின்றன என்று தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதித் தந்தார். அடுத்த கூட்டத்தில் நான் கேட்ட கேள்விக்குத் தவிசாளர் கோவையைப் புரட்டித்தான் பதில் சொன்னார். மாணவர்களைச் செயலாளரின் அறைக்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள்; சபைக் கூட்டத்திலும் பின்வரிசையில் ஓர் இடம் கொடுங்கள்.

இணைப்பாளர், திருநெல்வேலி

எழுதிய அனைவருக்கும் நன்றி. உங்கள் கருத்துகளை வைத்து எமது கடிதத்தை மாற்றுகிறேன். இனிச் சபைக்கு அனுப்பும் படிவத்தில் மாணவர் செய்து முடிக்க வேண்டிய வேலை, அவருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பெயர், அறிக்கை எந்தக் குழுவின் எந்த மாதக் கூட்டத்தில் சமர்ப்பிக்கப்படும் ஆகிய விவரங்களைச் சபையே நிரப்ப வேண்டும். நிரப்பாத சபைக்கு அந்த ஆண்டில் மாணவரை அனுப்புவதில்லை. தொடக்கத்தை ஓகஸ்டுக்குத் தள்ளுவது பற்றிப் பீடத்தில் பேச வேண்டும். பரீட்சைக் கிளை இணங்குமா என்பதுதான் கேள்வி.

ஓய்வுபெற்ற செயலாளர், வலிகாமம்

ஒரு சிறு திருத்தம். பொறுப்பான உத்தியோகத்தரின் பெயரை எழுதுவிக்க வேண்டாம், பதவியை எழுதுவியுங்கள். இடமாற்றம் வந்தால் பெயர் போய்விடும், கதிரையில் வந்து அமர்கிறவர் "இது எனக்கு வந்த கடிதமல்ல" என்பார். இயலுமாயின் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் பிரதியிடுங்கள்.