ஒரு செவிலியருக்கு இரண்டு துணை நிலையம்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: புது வி.எச்.என்.

வணக்கம். கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என் துணை சுகாதார நிலையத்துக்குக் கீழே 5,200 பேர். பக்கத்து நிலையத்து அக்கா ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை, அந்த 4,600 பேரும் இப்போது என் இன்சார்ஜ்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர் என்றுதான் படித்தோம்.

போன வாரம் ஒரு தாயைப் பிரசவமான ஏழாம் நாள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பிக்மி பதிவு (தாய், குழந்தை விவரங்களை ஆன்லைனில் ஏற்றுவது) நிறைய பாக்கி, அதை முடித்துவிட்டுப் பத்தாம் நாள்தான் போனேன். குழந்தை பால் சரியாகக் குடிக்காமல் எடை இறங்கியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், இப்போது தேறிவிட்டது. ஆனால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடப் பயிற்சியில் பிரசவம் பார்க்க நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், இங்கே பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, என் கையில் இருப்பது டேப்லெட்டும் பிபி கருவியும்தான். இப்படிக் கூடுதலாக இன்சார்ஜ் பார்க்கிறவர்கள் ஒரு நாளின் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், ஈரோடு பக்கம்

கண்ணு, பத்தாம் நாளாவது போனாயே, அதனால்தான் அந்தக் குழந்தை இருக்கிறது, முதலில் அதை மனதில் வை. நான் பதினெட்டு மாதப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த காலத்தில் பிரசவமே என் அறையில்தான். அந்த 5,000 கணக்கு அந்தக் காலத்து வேலைக்குப் போட்டது. அதற்கும் முன்னால், 1973இல் மத்திய அரசு அமைத்த கர்தார் சிங் குழு 3,000 முதல் 3,500 பேருக்கு ஒரு பெண் பணியாளர், கூடவே ஒரு ஆண் பணியாளர் என்று கேட்டிருந்தது. சர்க்கரை, பிபி பட்டியல், ஆன்லைன் பதிவு எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தவை, ஆள் கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போதைக்கு ஒரு சின்ன நோட்டு போடு. ஹை ரிஸ்க் தாய்மார்கள், இன்னும் பதினைந்து நாளில் பிரசவத் தேதி உள்ளவர்கள், 42 நாளுக்கு உட்பட்ட குழந்தைகள், இந்த மூன்று வகையினரை எந்த ஊராக இருந்தாலும் முதலில் பார், பதிவை மாலையில் வைத்துக்கொள். குழந்தையிடம் எடை, காய்ச்சல், தொப்புள், அப்புறம் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும், 60ஐத் தொட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பால் குடிப்பதைத் தாயிடம் கேட்காதே, உட்கார்ந்து கண்ணால் பார். ஆறு துணை நிலையத்துக்கு ஒரு பகுதி சுகாதார செவிலியர் உண்டு, வாரத்தில் ஒரு நாள் உன் இன்சார்ஜ் ஊருக்கு வரச் சொல்லி அவரிடம் கேள். வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடு, நகலை வைத்துக்கொள். வாயால் சொன்னது நிற்காது.

பதில்: மலையில் வேலை பார்ப்பவள்

அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பதிவைத் தள்ளி வைத்தால் அடி வாங்குவது அந்தத் தாய்தான். பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணமும் தவணை தவணையாக அந்தப் பதிவை வைத்துத்தான் வருகிறது. கூலிக்குப் போகிற வீட்டில் அந்தப் பணத்தில்தான் முட்டையும் பாலும். அதனால் பதிவுக்கென்று தனியாக ஆள் வேண்டும், இதை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

மலையில் 3,000 பேருக்கு ஒருவர் என்று விதி இருக்கிறது. எனக்கு அதைவிடக் குறைவுதான், ஆனால் பதினொரு குக்கிராமம், நான்குக்கு நடந்துதான் போக வேண்டும், மழை வந்தால் அன்றைக்கு ஒரே வீடு. ஆள் போடும்போது தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் என்ன?

பயிற்சியும் அப்படித்தான் தங்கச்சி. நாங்கள் படித்தபோது முக்கால்வாசி நாள் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் போனது. கடைசி ஆறு மாதத்தையாவது ஒரு மூத்த செவிலியரோடு வீடு வீடாகப் போகும்படி வைத்திருந்தால், நீ இன்று இங்கே கேட்கிற கேள்விக்கு அப்போதே வழி தெரிந்திருக்கும்.

பதில்: ஊர்க்காரன்

நான் இந்தத் துறை இல்லை. என் மனைவிக்கு ஏழாம் மாதம் கால் வீக்கத்தைப் பார்த்து பிபி எடுத்து அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியது எங்கள் ஊர் நர்ஸ் அக்காதான். காலியிடத்தை நிரப்பக் கேட்டு ஊர்க்காரர்கள் கிராம சபையில் தீர்மானம் போடலாம். எங்கள் ஊரில் ஆகஸ்ட் 15 சபையில் போட்டோம். செவிலியர் கேட்பது ஒரு பக்கம், ஊரே கேட்பது வேறு.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. நோட்டு போட்டுவிட்டேன் அம்மா, இரண்டு நிலையத்துக்கும் சேர்த்து 31 பெயர் வந்தது. பகுதி செவிலியர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தில் மக்கள்தொகையோடு கிலோமீட்டரும் எழுதப் போகிறேன் அக்கா. நாளைக் காலை முதல் வீடு அந்தக் குழந்தை வீடுதான், எடை பார்க்க வேண்டும்.