ஒளி அலையா, துகளா: இங்கிலீஷில் எப்படி எழுதுவது? அவசரம்

கோபி_மாணவி:
நாளைக்கு செமினார். ஒளியின் அலை-துகள் தன்மை பற்றி நான் எழுதிய முதல் வரியையே மேடம் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். இங்கிலீஷும் தப்பு, பிசிக்ஸும் தப்பாம். சரியான வரி யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

பெருந்துறைக்காரன்:
எந்த வரிங்க? அதைப் போடாமல் எதைத் திருத்துவது? பிளஸ் டூவா, காலேஜா?

காங்கேயம்_காளை:
வரியே வேண்டாம், ஆர்ட்டிகிள் பிரச்சினைதான். "தி லைட்" என்று ஆரம்பித்திருப்பீங்க. பொதுவாக ஒளியைச் சொல்லும்போது "தி" வராது.

கோபி_மாணவி:
பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். வரி இதுதான்: "தி லைட் இஸ் சம்டைம் பிகம் வேவ் அண்ட் சம்டைம் பிகம் பார்ட்டிகிள்."

காங்கேயம்_காளை:
சொன்னேனா இல்லையா!

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
இதே கேள்விக்கு இங்கே முன்பே விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கத்தான் இப்போது யாருக்கும் பொறுமை இல்லை. காளை அவர்களே, "தி" சின்ன விஷயம். "பிகம்" போட்டதுதான் பெரிய தப்பு. ஒளி இன்று அலையாகவும் நாளை துகளாகவும் வேஷம் மாற்றுவதில்லை.

1801இல் தாமஸ் யங், இரண்டு ஒளி அலைகள் சேரும்போது சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் தெரியும் குறுக்கீட்டு விளைவைச் சொன்னார். அது அலைக்குச் சாட்சி. 1905இல் ஐன்ஸ்டைன், ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவரும் ஒளிமின் விளைவை விளக்கினார், 1923இல் காம்ப்டன் எக்ஸ் கதிர் துகள் மாதிரி எலக்ட்ரானில் மோதித் தெறிப்பதைக் காட்டினார். அவை துகளுக்குச் சாட்சி. இரண்டும் ஒரே சோதனையில் சேர்ந்தே வரும் என்பதுதான் முக்கியம். 1909இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர் ஒளியை மிகவும் மங்கலாக்கி, ஓர் ஊசியின் நிழலை மாதக்கணக்கில் போட்டோ தட்டில் விழவிட்டார். பளிச்சென்ற ஒளியில் நிழலின் விளிம்பை ஒட்டி வரும் அதே அலைக் கோடுகள் அதிலும் வந்தன. இன்றைய கருவிகளில் ஒளி புள்ளி புள்ளியாக விழுவதையே பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியும் துகள்; புள்ளிகள் சேர்ந்து போடும் கோலம் அலை.

பெருந்துறைக்காரன்:
எல்லாம் சரிங்க ஐயா, பாப்பா கேட்ட வரி எங்கீங்க? நான் தருகிறேன்: "லைட் எக்ஸிபிட்ஸ் போத் வேவ்-லைக் அண்ட் பார்ட்டிகிள்-லைக் பிராபர்ட்டீஸ்." அடுத்த வரி: "இட் பிராபகேட்ஸ் அஸ் எ வேவ் பட் இஸ் டிடெக்டட் இன் டிஸ்கிரீட் குவாண்டா." அதாவது, ஒளி அலையாகப் பரவும், ஆனால் தனித்தனிப் பொட்டலங்களாகத்தான் பிடிபடும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
ஏற்கலாம்.

சென்னிமலைத்_தறி:
வரியோடு ஒன்று காட்டவும் செய்யுங்க. மெல்லிய வேட்டித் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்தால், கூட்டல் குறி மாதிரி புள்ளிகள் தெரியும். ஒளி அலை நூலிடுக்குகளில் வளைந்து பரவுவதால் வருவது அது. துணியைத் திருப்பினால் அதுவும் திரும்பும். நெசவு நெருங்க நெருங்கப் புள்ளிகள் தள்ளித் தள்ளி நிற்கும்.

திருப்பூர்_பனியன்:
இப்போதுதான் பனியன் துணியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை, மங்கலாகத்தான் இருக்கிறது.

சென்னிமலைத்_தறி:
அது பின்னல் துணி. கண்ணி கண்ணியாக வளைந்து இழுபடும். பாவும் ஊடையும் நேராக, சம இடைவெளியில் ஓட வேண்டும். அதற்குத் தறித் துணிதான்.

திருப்பூர்_பனியன்:
ஊருக்கே சோறு போடுகிற துணிங்க அது. பார்த்துப் பேசுங்க.

பெருந்துறைக்காரன்:
அட, செமினார் ஹாலில் தெருவிளக்கு ஏதுங்க? சிவப்பு லேசர் பாயிண்டரின் முன்னால் ஒரு தலைமுடியை ஒட்டுங்க. சுவர் 2 மீட்டர் தள்ளி இருந்தால் கோடுகள் ஏறக்குறைய 2 செ.மீ. இடைவெளியில் விழும். சிவப்பு லேசரின் அலைநீளமான 650 நானோமீட்டரை முடியின் தடிமனால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால் அந்தக் கணக்கு வரும். யார் கண்ணிலும் லேசர் படக் கூடாது.

காங்கேயம்_காளை:
"எக்ஸிபிட்ஸ்" கடைசியில் "ஸ்" மறந்துவிடாதீங்க அம்மணி.

கோபி_மாணவி:
முடிந்தது. மேடம் வரிக்கு டிக் போட்டார். ஃபேனை நிறுத்திய பிறகுதான் முடி ஆடாமல் நின்றது. எல்லோருக்கும் நன்றிங்க.

திருப்பூர்_பனியன்:
வேட்டியில் பார்த்தேன், வருகிறது. ஆனால் பனியன் துணியை நன்றாக இழுத்துக் கட்டினால் வராது என்று யார் சொன்னது?