லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், பட்டா இல்லாத 3 சென்ட் வாங்கலாமா?

கொழுந்துக்கூடை:
நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 34 வருடம் வேலை பார்த்து அப்பா போன மாதம் ரிட்டயர் ஆனார். எஸ்டேட் கொடுத்த வரிசை வீடு, அதாவது லைன் வீடு, அதன் சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடைப் பணம் என்று ஆபீசில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணம் கைக்கு வராமல் நாங்கள் எங்கே வீடு பார்ப்பது? தாத்தா 1974-இல் இலங்கை நுவரெலியாவிலிருந்து வந்து ராமேஸ்வரத்தில் இறங்கினார், அப்பாவுக்கு அப்போது 7 வயது. அங்கேயும் தோட்டத்து வரிசை வீடு, லயம் என்பார்கள், இங்கே லைன், எங்கள் பெயரில் ஒரு சென்ட் மண் கிடையாது. கூடலூரில் வாடகை விசாரித்தால் அட்வான்ஸே 50,000 கேட்கிறார்கள். தேவாலா பக்கம் ஒருவர் 3 சென்ட் 2 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார், பட்டா இல்லை, முத்திரைத்தாளில் எழுதித் தருவாராம். சுற்றிப் பத்துப் பதினைந்து வீடு இருக்கிறது. வாங்கலாமா?

நாடுகாணி_மழை:
அவசரப்படாதீர்கள். அது அநேகமாகப் பிரிவு 17 நிலம். ஜென்மி என்கிற பழைய நிலக்கிழார்கள் எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள், 1969 கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அது. அந்தச் சட்டம் வந்ததிலிருந்து இழுத்துக்கொண்டே போகிற வழக்கு, பட்டா கிடைக்காது, பட்டா இல்லை என்றால் கரண்டுக்கு நாயாய் அலைய வேண்டும். என் சித்தப்பா இப்படித்தான் முத்திரைத்தாளை நம்பி வாங்கினார். 12 வருடம் ஆயிற்று, இன்னும் சோலார் விளக்குதான், ஜூலை மழையில் நாலு நாள் வெயில் தலைகாட்டாவிட்டால் அதுவும் எரியாது, பிள்ளைகள் மெழுகுவர்த்தி வைத்துப் படிக்கிறார்கள். பக்கத்தில் வீடு இருக்கிறது என்பது ஆதாரமே இல்லை, அவர்களும் ஏமாந்தவர்களாக இருக்கலாம்.

பழைய_பேரட்டு:
தம்பி, தாத்தாவின் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, இலங்கையிலிருந்து இந்தியக் குடிமக்களாக வந்தவர்களுக்குக் கொடுத்தது, இருக்கிறதா? தகரப்பெட்டியில் தேடிப் பாருங்கள், கிழிந்திருந்தாலும் லேமினேட் பண்ணாமல் அப்படியே வையுங்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கிறேன் என்றது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள், பிறகு அது டேன்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வேலையோடு வீடு வந்தது, 58 வயதுக்கு மேல் இந்த ஆள் எங்கே படுப்பான் என்று அன்றைக்கு ஒருவரும் கணக்குப் போடவில்லை. இன்னொன்று, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் அரசு வீடு கட்டித் தருகிறதே, நமக்கும் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். கிடையாது. அது 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கு. நாம் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள். ஊரில் எல்லோரையும் சேர்த்து சிலோன்காரன் என்பார்கள், அது வேறு கதை.

சேரம்பாடி_அக்கா:
முதலில் பணிக்கொடை. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டி உண்டு. ஆபீசில் எழுதிக் கேளுங்கள், பதில் இல்லை என்றால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். ஆனால் வீட்டைப் பிடித்து வைத்தால் அபராத வாடகை என்று கழிக்கப் பார்ப்பார்கள், அதனால் காலி செய்ய அவகாசமும் எழுத்திலேயே கேளுங்கள், நகலில் சீல் வாங்குங்கள்.

நிலத்துக்கு அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு விஏஓ ஆபீசில் போய்ப் பாருங்கள். அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட 3.50 லட்சம் தருகிறார்கள், குறைந்தது 360 சதுர அடி, ஆனால் பட்டா இருந்தால்தான். திட்டம் எத்தனை வந்தாலும் நம் ஆட்கள் வந்து முட்டிக்கொள்கிற இடம் இதுதான். இலவச வீட்டுமனைப் பட்டாவுக்குத் திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள். ஒரு நாள் கூலி போகும், பரவாயில்லை.

கொழுந்துக்கூடை:
எல்லோருக்கும் நன்றி. இன்று விஏஓவிடம் போனேன், எண்ணைச் சொன்னதுமே பிரிவு 17 என்றுவிட்டார். விற்கிறவரிடம் சொன்னால் சரி, ஒன்றரை லட்சம் கொடு என்கிறார்! அட்டை கிடைத்தது அண்ணா, தாத்தா போட்டோவில் கரையான் அரித்திருக்கிறது, எண் தெரிகிறது. அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், திங்கட்கிழமை ஊட்டி. அதுவரை கொளப்பள்ளி, எருமாடு பக்கம் 3,000-க்குள் வாடகை வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அம்மா ஆறு கோழி வைத்திருக்கிறார், அதற்கும் சம்மதிக்கிற வீட்டுக்காரராக இருக்க வேண்டும்.