கரிமறையா, கடுமறையா? திங்களுக்குள் வேண்டும்

தர்மபுரி, பாலிடெக்னிக் ஆசிரியை:
வணக்கம். சில்லுத் தயாரிப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்பின்-ஆன் கார்பன் ஹார்ட்மாஸ்க்' என்பதற்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். அடியில் உள்ளதை அரிக்கும்போது, அரிபடக்கூடாத இடங்களை மூடிக் காக்கும் படலம் அது. கரிமம் மிகுந்த பாலிமர் கரைசலைச் சுழலும் வேஃபர் (சில்லு செய்யும் வட்டத் தகடு) மேல் ஊற்றிப் பரப்பி, சூடேற்றி இறுக்குவது. அதன்மேல் சிலிக்கான் படலம், அதற்கும் மேல் ஒளியுணர் பூச்சு. பூச்சில் ஒளியால் விழுந்த வடிவத்தை ஃபுளோரின் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றிய வாயு, அரித்துச் சிலிக்கான் படலத்துக்கு இறக்கும். அங்கிருந்து ஆக்சிஜன் பிளாஸ்மா கரிமப் படலத்துக்கு இறக்கும். 'கடின முகமூடி' என்று சொன்னேன், வகுப்பே சிரித்தது.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, முகமூடி எதற்கு? பதிற்றுப்பத்தில் 'சான்றோர் மெய்ம்மறை' இருக்கிறதே, மெய்ம்மறை கவசம்தான். 'கரிக் கடுமறை' என்று போடுங்கள். கரிக்குச் சான்று என்றும் பொருள்: குறளில் 'இந்திரனே சாலுங் கரி'. யானை என்றும் உண்டு. அதியமான் ஊரில் யானை கசக்குமா?

ஓசூர், பொறியாளர்:
ஐயா, யானையைக் கட்டிவிட்டு வாருங்கள். சிக்கல் 'கடு'வில். என் மாமா கிருஷ்ணகிரியில் கிரானைட் பெயர்ப்பலகை செய்கிறார். கல்லில் ரப்பர் ஷீட் ஒட்டி, எழுத்தை மட்டும் பிளேடால் கீறி உரித்துவிட்டு மணலை வீசி அடிப்பார். கல் குழியும்; ரப்பரில் பட்ட மணல் துள்ளி விழும். அங்கே கடினமானது கல், காப்பது மெத்தென்ற ரப்பர். இங்கேயும் பிளாஸ்மாவில் மெதுவாக அரிபடுவதுதான் தகுதி. மூலக்கூறில் கரிமம் கூடி ஆக்சிஜன் குறைந்தால் அரிமானம் குறையும் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஓனிஷி குழுவினர் 1983இலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். என் சொல்: 'அரிதாங்கு மறை'.

அரூர்:
தம்பி, அதை 'அரிது ஆங்கு' என்று பிரித்துப் படிப்பான் பையன். புணர்ச்சி தெரிந்தவன் கதி இது, தெரியாதவன் கதி?

பாலக்கோடு, ஐடிஐ பயிற்றுநர்:
எங்கள் பட்டறையில் மறை என்றாலே போல்ட் மரைதான். காதில் ரெண்டும் ஒன்று. ஹார்ட்மாஸ்க் என்றே விடுங்கள். வேலைக்குப் போனால் அதைத்தான் கேட்கப் போகிறான்.

தர்மபுரி:
சரி. 'சுழற்பூச்சுக் கரிமறை' என்று போட்டுவிட்டேன், 'கடு' போயிற்று. முதல் இடத்தில் மட்டும் ஹார்ட்மாஸ்க் சேர்த்திருக்கிறேன். ரப்பர் ஷீட்டைப் படமாகவே வரைந்துவிட்டேன். ஓசூர் தம்பி, மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள்.

அரூர்:
கரிமறை என்றால் கரியை மறைப்பது என்றும் ஆகும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.